மீண்டும் வளரும் கட்டி: கபச்சுரப்பிச் சத்திரசிகிச்சையின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் முதன்மைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்நோயை யார் முதலிற் கண்டறிந்தார், எச்சிகிச்சையை யார் முதலிற் செய்தார் என்பனவே அதன் அத்தியாயத் தலைப்புக்களாக அமைகின்றன. அரசர்களின் பெயர்களையும் போர்கள் நடைபெற்ற ஆண்டுகளையும் நிரைப்படுத்துவதே வரலாறு என்றிருந்த காலத்தின் எச்சமாக இப்போக்கினைக் கொள்ளலாம். முதல் வெற்றிக்குப் பின்னர் அந்நோயாளிக்கு என்ன நேர்ந்தது என்ற வினா அத்தகைய வரலாறுகளில் அரிதாகவே எழுப்பப்படுகின்றது.

மூளையின் அடியில் அமைந்த கபச்சுரப்பியில் தோன்றும் கட்டிகளின் சிகிச்சை வரலாற்றை இவ்வினாவைத் தவிர்த்து எழுதுதல் இயலாது. ஏனெனில், வெட்டியகற்றிய பின்னரும் மீண்டும் வளர்வது இக்கட்டிகளுட் சிலவற்றின் இயல்பாகும். கடந்த ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் இத்துறை கண்ட மாற்றங்களுட் பல, கட்டி மீண்டு வந்தமையாலேயே ஏற்பட்டன. அது மீண்டு வந்தது என்ற உண்மை தானாக வெளிப்பட்டதுமன்று. நோயாளரைப் பல்லாண்டுகள் மறவாது கணக்கிற் கொண்டவர்களாலேயே அது அறியப்பட்டது. இவ்விரண்டையும் எடுத்துக்காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் இடமும்

கபச்சுரப்பி என்ற பெயரே ஒரு பழைய தவறின் நினைவுச் சின்னமாகும். மூளையிற் சேரும் கழிவு இச்சுரப்பியின் வழியே கபமாக இறங்கி மூக்கினை அடைகின்றது எனக் கிரேக்க மருத்துவரான கலென் கருதினார். 1543 ஆம் ஆண்டில் மனித உடலமைப்புப் பற்றிய பெருநூலை வெளியிட்ட வெசேலியசும் இக்கருத்தினின்று விலகவில்லை. கபத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே ஐரோப்பிய மொழிகளில் இச்சுரப்பிக்குப் பெயராயிற்று. பதினேழாம் நூற்றாண்டில் ஷ்னைடர், லோவர் ஆகியோர் மூளைக்கும் மூக்குச் சளிக்கும் தொடர்பில்லை என நிறுவினர். கருத்து மறைந்தது, பெயர் நிலைத்தது. தமிழிற் கலைச்சொல் ஆக்கியோரும் அப்பெயரையே மொழிபெயர்த்துக் கொண்டனர். ஒரு பெயர் தனக்கு அடிப்படையாயிருந்த அறிவு அழிந்த பின்னரும் வாழக்கூடியது என்பதை இங்கு மனத்திற் கொள்ளுதல் வேண்டும். இக்கட்டிகளுக்கு இடப்பட்ட வேறொரு பெயரைப் பற்றிப் பின்னர் நோக்கும்போது இது பயன்படும்.

சுரப்பி பட்டாணிக் கடலையளவினது. அதன் நிறை ஏறத்தாழ அரைக் கிராம். மண்டையோட்டின் அடித்தளத்தில், சேணம் போன்ற வடிவுடைய ஓர் எலும்புக் குழியில் அது தங்கியிருக்கின்றது. அதன் மேலே இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிடுகின்றன. கீழே மூக்கின் பின்புறத்து எலும்பறை உள்ளது. இரு பக்கங்களிலும் இரத்தம் நிறைந்த நாளப்பைகள் உள. மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் பெருநாடியும் கண்ணை அசைக்கும் நரம்புகளும் அப்பைகளினூடாகவே செல்கின்றன. இவ்வமைப்பினை அறியாது இவ்வரலாற்றை விளங்கிக்கொள்ள முடியாது. மேல்நோக்கி வளரும் கட்டி பார்வையைப் பறிக்கின்றது. பக்கவாட்டில் வளரும் கட்டியோ, சத்திரசிகிச்சையாளரின் கருவி துணிந்து செல்ல முடியாத இடத்திற் புகுந்துகொள்கின்றது. அங்கு எஞ்சும் சிறுபகுதியே பெரும்பாலும் மீள்வளர்ச்சியின் வித்தாகின்றது.

முதல் முயற்சிகள்

1886 ஆம் ஆண்டில் பாரிஸ் நகர மருத்துவரான பியேர் மாரி, கைகால்களும் முகமும் அளவிறந்து பருக்கும் நோயொன்றினை விவரித்து அதற்கு அக்ரோமெகலி எனப் பெயரிட்டார். அந்நோய்க்கும் கபச்சுரப்பியின் வீக்கத்துக்கும் உள்ள தொடர்பு விரைவில் உணரப்பட்டது. அதன்பின்னரே அச்சுரப்பியைக் கத்தியால் அணுகும் எண்ணம் வலுப்பெற்றது. 1889 இல் லண்டனைச் சேர்ந்த விக்டர் ஹோர்ஸ்லி மண்டையோட்டினைத் திறந்து அதனை அடைய முயன்றார். 1893 இல் லிவர்பூலில் கேற்றன், போல் ஆகிய இருவர் வெளியிட்ட அறிக்கையில், மண்டையோட்டினைத் திறந்தும் கட்டியை அடைய இயலாது போன நிகழ்ச்சி பதிவாகியுள்ளது.

மண்டையோட்டின் வழி கடினமாயிருந்தமையால் மூக்கின் வழி நாடப்பட்டது. 1907 மார்ச் மாதத்தில் ஒஸ்திரியாவின் இன்ஸ்புறூக் நகரில் ஹெர்மன் ஷ்லொஃபர், மூக்கினை ஒருபுறம் புரட்டி, அதன் பின்னுள்ள எலும்பறையினூடாகச் சென்று கட்டியின் ஒரு பகுதியை அகற்றினார். மூக்கு வழிச் சத்திரசிகிச்சையின் தொடக்கமாக இந்நாள் எல்லா நூல்களிலும் குறிப்பிடப்படுகின்றது. ஆயின் அதன் முடிவு அத்துணை விரிவாகக் கூறப்படுவதில்லை. நோயாளி சிகிச்சையினைத் தாங்கினார். எனினும் ஏறத்தாழ இரண்டரை மாதங்களில் இறந்தார். உடலைத் திறந்து பார்த்தபோது, மேல்நோக்கி வளர்ந்த பெரும் பகுதி எஞ்சியிருந்தமை தெரிய வந்தது. ஆகவே, முதல் மூக்கு வழிச் சிகிச்சையே எஞ்சிய கட்டியின் வரலாறாகவும் அமைந்தது. வெற்றியும் அதன் எல்லையும் ஒரே நோயாளியிற் காணப்பட்டன.

குஷிங்கின் இரு வழிகள்

இத்துறையில் ஹாவி குஷிங்கின் இடம் தனித்துவமானது. 1909 இல் அவர் அமெரிக்காவின் போல்ற்றிமோர் நகரில் அக்ரோமெகலி நோயுற்ற விவசாயி ஒருவருக்கு மூக்கு வழியே சத்திரசிகிச்சை செய்தார். 1912 இல் கபச்சுரப்பியும் அதன் கோளாறுகளும் பற்றிய நூலை வெளியிட்டார். பின்னர் பொஸ்ரன் நகருக்குச் சென்ற அவர், 1910 முதல் 1925 வரையான காலத்தில் 231 நோயாளருக்கு மூக்கு வழியே சிகிச்சை செய்தார். அவர்களுட் சிகிச்சையின் காரணமாக இறந்தோர் 5.6 சதவீதத்தினரே. கிருமிகளை அழிக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இல்லாத அக்காலத்தில், கிருமி நிறைந்த மூக்கின் வழியே மூளையின் அடியை அடைந்து இவ்வளவு குறைந்த இறப்பு வீதத்தைப் பேணியமை வியக்கத்தக்கது.

இத்தகைய வெற்றியைப் பெற்ற ஒருவர் அதே வழியைத் தொடர்ந்து பின்பற்றியிருப்பார் என்றே எவரும் எண்ணுவர். குஷிங்கோ 1920களின் பிற்பகுதியில் அவ்வழியினைக் கைவிட்டு, மண்டையோட்டினைத் திறந்து மேலிருந்து அணுகும் முறைக்கு மாறினார். ஏன்? மேலிருந்து பார்க்கும்போது பார்வை நரம்புகளை நேரிற் கண்டு விடுவிக்க முடிந்தது. கட்டியின் பெரும்பகுதியை அகற்றவும் முடிந்தது. மூக்கு வழியில் இருண்ட ஒடுங்கிய துளையினூடாகச் சுரண்டியெடுக்கும்போது எஞ்சியது எவ்வளவு என்பதை அறிய வழியிருக்கவில்லை. நோயாளர் வைத்தியசாலையிலிருந்து நலமாகச் சென்றனர். பின்னர் அவர்களுட் பலர் மங்கிய பார்வையுடன் திரும்பி வந்தனர். இறப்பு வீதம் என்ற ஒரே அளவுகோலால் மட்டும் அளந்திருப்பின் குஷிங் வழிமாறியிருக்க வேண்டிய தேவையில்லை. திரும்பி வந்தோரையும் அவர் கணக்கிற் கொண்டார். அதனாலேயே தமது சொந்த வெற்றியை ஐயுற நேர்ந்தது.

இக்கணக்கு எவ்வாறு பேணப்பட்டது என்பது வரலாற்று மாணவரின் கவனத்திற்குரியது. சிகிச்சை பெற்றுச் சென்றோர் ஆண்டுதோறும் தம் நிலை பற்றிக் கடிதம் எழுத வேண்டும் எனக் குஷிங் கேட்டுக்கொண்டார். வந்த கடிதங்களும் புகைப்படங்களும் சத்திரசிகிச்சைக் குறிப்புக்களும் அகற்றப்பட்ட கட்டித் துண்டுகளும் ஒருங்கே சேர்த்து வைக்கப்பட்டன. பதிப்புப் பணியில் உதவியாளராகச் சேர்ந்து, பின்னர் தாமே மருத்துவம் கற்று நோயியலாளராக உயர்ந்த லூயிஸ் ஐசன்ஹார்ட் என்ற பெண்மணி, சிகிச்சைகளின் முடிவுகளை ஒரு பதிவேட்டிற் குறித்து வந்தார். பிற்காலத்தில் யேல் பல்கலைக்கழகத்தில் அமைந்த மூளைக்கட்டிப் பதிவகத்தின் உயிர்நாடியாக விளங்கியவரும் அவரே. கத்தி பிடித்தவரின் பெயர் நோயொன்றுக்கே சூட்டப்பட்டுவிட்டது. பதிவேடு எழுதியவரின் பெயரை இத்துறைக்கு வெளியே அறிந்தோர் மிகச் சிலரே.

அப்பதிவேட்டின் பயன் 1939 இல் வெளிப்பட்டது. குஷிங் மறைந்த அவ்வாண்டில், வில்லியம் ஹென்டர்சன் என்பவர் குஷிங்கின் 338 கபச்சுரப்பிக் கட்டி நோயாளரின் பிற்கால நிலையை ஆராய்ந்து வெளியிட்டார். கட்டி எத்தனை பேருக்கு, எப்போது மீண்டது என்பதை இத்துணைப் பெரிய தொகையினரிடையே ஆராய்ந்த முதன்மையான ஆய்வுகளுள் இஃதொன்று. மண்டையோட்டு வழியில் மீள்வளர்ச்சி குறைவு என்பதும், எவ்வழியாயினும் சத்திரசிகிச்சைக்குப் பின் கதிர்ச் சிகிச்சை பெற்றவரிடையே மீள்வளர்ச்சி மேலும் குறைவு என்பதும் அதனாற் புலனாயின. ஒரு தனிமனிதரின் அனுபவம் இவ்வாறு பிறர் சோதித்தறியத்தக்க சான்றாக மாறியது.

கைவிடப்பட்ட வழி மீண்ட கதை

குஷிங் கைவிட்டவுடன் மூக்கு வழி உலகின் பெரும்பாலான இடங்களில் மறைந்தது. வியன்னாவின் ஒஸ்கார் ஹேர்ஷ் 1910 முதல் மூக்கினுள்ளிருந்தே செல்லும் நுட்பமான முறையொன்றைக் கையாண்டு வந்தார். எஞ்சிய கட்டியை அழிக்க றேடியத்தையும் பயன்படுத்தினார். 1938 இல் ஹிட்லரின் ஜேர்மனி ஒஸ்திரியாவை விழுங்கியபோது யூதரான அவர் நாட்டைவிட்டு வெளியேறிப் பொஸ்ரனிற் குடியேற நேர்ந்தது. குஷிங்கிடம் பயின்று எடின்பறோ திரும்பிய நோர்மன் டொற் அவ்வழியினைத் தொடர்ந்து கையாண்டார். 1956 இல் அவரைக் கண்ட பிரெஞ்சு நாட்டவரான ஜெரார் கியோ அதனைப் பாரிஸுக்குக் கொண்டு சென்று, எக்ஸ் கதிர்த் திரையின் துணையுடன் செம்மைப்படுத்தினார். கியோவிடம் பயின்ற ஜூல்ஸ் ஹார்டி 1960களில் கனடாவின் மொன்றியல் நகரிற் சத்திரசிகிச்சை நுணுக்குக்காட்டியை இதற்குப் பயன்படுத்தினார். முன்னர் இருளிற் சுரண்டியவர்கள் இப்போது கட்டியையும் சுரப்பியையும் வேறுபடுத்திக் காணலாயினர். சில மில்லிமீற்றர் அளவான கட்டியை மட்டும் அகற்றிச் சுரப்பியைக் காப்பதும் சாத்தியமாயிற்று. 1990களில் உள்நோக்குக் குழாய் வந்தபோது பார்வையின் பரப்பு மேலும் விரிந்தது.

குஷிங்கின் முடிவு தவறானதா என இங்கு வினவலாம். அவர் காலத்து ஒளியையும் கருவிகளையும் கொண்டு நோக்கின் அது சரியான முடிவே. மாறியது வழியன்று, வழியிற் பட்ட வெளிச்சமே எனலாம்.

எனினும் நுணுக்குக்காட்டியும் உள்நோக்குக் குழாயும் கட்டியின் இயல்பினை மாற்றவில்லை. நாளப்பையினுள் ஊடுருவி, மூளையுறையிற் கலந்துவிட்ட கட்டியை முற்றாக அகற்றுதல் இன்றும் பெரும்பாலும் இயலாததே. இத்தகைய கட்டிகளுட் சிறுதொகையின, சத்திரசிகிச்சைக்கும் கதிருக்கும் மருந்துக்கும் அடங்காது விரைந்து வளர்கின்றன. இவையே மூர்க்கமான கட்டிகள் எனப்படுவன.

கதிரும் மருந்தும்

1909 அளவிலேயே எக்ஸ் கதிர் கபச்சுரப்பிக் கட்டிகளுக்குப் பயன்படுத்தப்பட்டது. 1951 இல் சுவீடனைச் சேர்ந்த லார்ஸ் லெக்செல், பல திசைகளிலிருந்து வரும் கதிர்களை ஒரு புள்ளியிற் குவிக்கும் முறையை முன்வைத்தார். 1968 இல் அவரது காமாக் கத்தி ஸ்ரொக்ஹோம் நகரிற் பயன்பாட்டுக்கு வந்தது. கதிர் கட்டியை அடக்க வல்லது. ஆயின் அதன் பயன் முழுமையாகத் தெரியச் சில ஆண்டுகள் செல்லலாம். சுரப்பியின் இயல்பான தொழில் படிப்படியாகக் குன்றுதலும், அருகிலுள்ள பார்வை நரம்புகளுக்குக் கேடு நேர இடமிருத்தலும் அதற்குக் கொடுக்கும் விலைகளாம். ஒரே இடத்திற்கு மீண்டும் மீண்டும் கதிர் செலுத்தவும் இயலாது.

மருந்துத் துறையில் 1970கள் ஒரு திருப்புமுனை. சுவிற்சலாந்தின் சான்டோஸ் நிறுவனத்தில் உருவான புரோமோகிரிப்ரீன், பால் சுரப்பினைத் தூண்டும் ஓமோனைச் சுரக்கும் கட்டிகளைக் கத்தியின்றியே சுருக்க வல்லது எனக் கண்டறியப்பட்டது. 1973 இல் சோமற்றொஸ்ரற்றின் என்னும் பதார்த்தம் கண்டறியப்பட்டமை அக்ரோமெகலிக்கான மருந்துகளுக்கு வழிவகுத்தது. குருதியில் ஓமோனின் அளவை அறியும் முறையும், 1971 இல் லண்டனில் அறிமுகமான கணினிவழிப் படமெடுப்பும், பின்னர் வந்த காந்த அதிர்வுப் படமும் மீள்வளர்ச்சியைப் பார்வை மங்கும் முன்னரே அறிவித்தன.

சிகிச்சையே மூர்க்கத்தை வெளிப்படுத்திய ஒரு நிகழ்வும் உண்டு. கபச்சுரப்பியிலுள்ள ஒருவகைச் சிறு கட்டி அதிரீனற் சுரப்பிகளை மிகையாகத் தூண்டுவதால் விளையும் நோயினைக் குஷிங் 1932 இல் விவரித்தார். கோட்டிசோன் மருந்து கிடைக்கத் தொடங்கிய பின், 1950களில் அந்நோயாளரின் அதிரீனற் சுரப்பிகள் இரண்டையும் அகற்றுதல் வழக்கமாயிற்று. நோயின் குறிகள் மறைந்தன. ஆயின் 1958 இல் டொன் நெல்சனும் அவர்தம் சகாக்களும், அவ்வாறு சிகிச்சை பெற்ற பெண்ணொருவரிடத்துக் கபச்சுரப்பிக் கட்டி பெருத்து வளர்ந்தமையை அறிவித்தனர். அதிரீனற் சுரப்பியின் ஓமோன் அக்கட்டிக்கு ஒருவகைக் கடிவாளமாக இருந்தது. சுரப்பி நீங்கவே கடிவாளமும் அறுந்தது. விளைவினை நீக்கி மூலத்தை விட்டுவைத்ததன் பயன் ஆண்டுகள் கழிந்தே தெரிந்தது. தொடர்ந்து கவனித்திராவிடின் அதுவும் தெரிந்திராது.

தீங்கற்றது என்னும் சொல்

இவ்விடத்துப் பெயர் பற்றிய வினாவுக்குத் திரும்புவோம். கபச்சுரப்பிக் கட்டிகள் மிகப் பெரும்பாலும் உடலின் பிற பாகங்களுக்குப் பரவுவதில்லை. ஆகவே அவை தீங்கற்ற கட்டிகள் என வகுக்கப்பட்டன. மூளை, முண்ணாண் வழியாகவோ உடலின் வேறிடத்திலோ பரவினால் மட்டுமே அது புற்று எனப்பட்டது. அவ்வாறு பரவுவன ஆயிரத்துக்கு ஏறத்தாழ ஒன்றிரண்டேயாகும். ஆயின், பரவாது நின்ற இடத்திலேயே நின்று, ஐந்து முறை வெட்டிய பின்னும் வளர்ந்து, கண்ணையும் பின்னர் உயிரையும் கவரும் கட்டியைத் தீங்கற்றது என்றழைத்தல் தகுமா?

உலகச் சுகாதார நிறுவனம் 2004 இல் இயல்புக்கு மாறான கட்டி என இடைநிலை வகுப்பொன்றினை ஏற்படுத்தியது. பெருகும் கலங்களை இனங்காட்டும் கி-67 என்னும் குறிகாட்டி 3 சதவீதத்துக்கு மேற்படுதல் அதன் அடையாளங்களுள் ஒன்று. ஜேர்மனியின் கீல் நகரிற் கண்டறியப்பட்டமையால் அப்பெயர் பெற்ற குறிகாட்டி அது. ஆயினும் அவ்வகுப்பு எக்கட்டி மீளும், எது மீளாது என்பதைத் திருத்தமாக முன்னுரைக்கவில்லை. 2017 இல் அது கைவிடப்பட்டது. இதற்கிடையே 2013 இல் பிரான்சின் லியோன் நகர ஆய்வாளர்கள், 410 நோயாளரை எட்டாண்டுகள் கவனித்து, கட்டி ஊடுருவியுள்ளதா, கலங்கள் விரைந்து பெருகுகின்றனவா என்ற இரண்டினையும் சேர்த்தே நோக்கவேண்டும் எனக் காட்டினர். 2022 இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு, கபச்சுரப்பி நரம்பு அகஞ்சுரக்கும் கட்டி என்ற பெயரை ஏற்றது. இதற்கு மறுப்பும் எழுந்தது. பெரும்பாலானோருக்குத் துன்பம் தராது அடங்கும் கட்டிக்குப் புற்றின் சாயலுடைய பெயரிடுதல் தேவையற்ற அச்சத்தை விளைக்கும் என்பது மறுப்போர் வாதம். தீங்கற்றது என்ற பெயர் சிறுதொகையினரின் துன்பத்தை மறைத்துவிடுகின்றது என்பது ஏற்போர் வாதம். இரண்டிலும் நியாயமுண்டு. சொல்லைப் பற்றிய இவ்வாதம் வெறும் சொல்லாராய்ச்சியன்று. நோயாளி மீண்டும் சோதனைக்கு அழைக்கப்படுவாரா, தாமாகத் திரும்பி வருவாரா என்பதை அச்சொல்லே பல வேளைகளில் தீர்மானிக்கின்றது.

இறுதி மருந்தும் அதன் எல்லையும்

1980களில் இங்கிலாந்தின் அஸ்ரன் பல்கலைக்கழகத்தில் மல்கம் ஸ்ரீவன்ஸ் குழுவினர் உருவாக்கிய ரெமோசோலமைட், மூளையின் பிறவகைக் கட்டிகளுக்கென 1999 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வாய்வழியே உட்கொள்ளத்தக்க அம்மருந்து கலத்தின் மரபுப் பொருளைச் சிதைத்து அதனை மடியச் செய்கின்றது. கபச்சுரப்பியின் மூர்க்கமான கட்டிகளிலும் அது பயன்தருவதை 2006 இல் வெளிவந்த சில அறிக்கைகள் தெரிவித்தன. கொலம்பியாவின் மெடெலின் நகரைச் சேர்ந்த லூயிஸ் சிரோவும் கனடாவின் நோயியலாளரான கால்மன் கோவாச்சும் அவற்றுள் ஒன்றினை எழுதியோருட் சேர்வர். கட்டியின் கலங்களில் மரபுப் பொருளைச் சீர்செய்யும் புரதம் ஒன்று மிகுதியாக இருப்பின் மருந்து பெரும்பாலும் தோற்கின்றது. குறைவாயின் வெல்லும் வாய்ப்பு மிகுகின்றது.

2018 இல் ஐரோப்பிய அகஞ்சுரப்பியியற் சங்கத்தின் வழிகாட்டி வெளிவந்தது. ஏனைய முறைகள் தோற்ற மூர்க்கமான கட்டிக்கு முதலிற் கொடுக்கத்தக்க புற்றெதிர் மருந்து ரெமோசோலமைட் என்று அது வகுத்தது. மூன்று சுற்றுக்களின் பின் பயனை அளந்து, பயன் தெரியின் குறைந்தது ஆறு மாதங்கள் தொடர வேண்டும் என்றும் அது கூறியது. அவ்வாண்டிலேயே வெளியான, 165 நோயாளர் பற்றிய ஆய்வில், இம்மருந்தினை முதலிற் பெற்றோருட் கட்டி முற்றாக மறைந்தவர் 6 சதவீதத்தினர். சுருங்கியவர் 31 சதவீதத்தினர். மாறாது நின்றவர் 33 சதவீதத்தினர். வளர்ச்சி தொடர்ந்தவர் 30 சதவீதத்தினர். மருந்தினை நிறுத்திய பின் கட்டி மீண்டபோது, இரண்டாம் முறை அதே மருந்து முன்போற் பயன்படுவது அரிதாயிருந்தது. நோயெதிர்ப்பாற்றலைத் தூண்டும் புதிய மருந்துகள் சிலரிடத்துப் பயனளித்தமையும் 2018 முதல் அறிவிக்கப்பட்டு வருகின்றது.

இவ்வெண்கள் பெரிய வெற்றியைக் காட்டுவன அல்ல. ஆயினும் அவை கிடைத்த முறை கருதத்தக்கது. இந்நோய் அரியது, எந்தவொரு வைத்தியசாலையும் தனித்து நூறு பேரைக் காணமாட்டாது. பல நாடுகளின் வைத்தியர்கள் தத்தம் நோயாளரின் வெற்றியையும் தோல்வியையும் ஓரிடத்திற் சேர்த்தமையாலேயே அவ்வெண்கள் பிறந்தன. ஐசன்ஹார்ட்டின் பதிவேடு பன்னாட்டளவில் விரிந்த நிலை இதுவெனலாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், கபச்சுரப்பிக் கட்டியின் வரலாறு கத்தி, கதிர், மருந்து என்ற கருவிகளின் வரலாறு மட்டுமன்று என்பது புலனாகும். ஒவ்வொரு கருவியும் முதலில் வென்றது. பின்னர் கட்டி மீண்டது. அதனைக் கண்டவர்கள் அடுத்த கருவியை நாடினர். காணாதிருந்திருப்பின் முதல் வெற்றியுடன் இவ்வரலாறு நின்றிருக்கும்.

கலைப்பீடத்திற் பயில்வோருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. ஆவணங்கள் தாமாகத் தோன்றுவதில்லை என்பது நாம் அறிந்ததே. ஒருவர் கேட்டதனாலேயே குஷிங்கின் நோயாளர் எழுதினர். ஒருவர் பேணியதனாலேயே ஹென்டர்சன் அவற்றைப் படித்தார். கடிதம் அனுப்பாது விட்டவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை எந்த ஆய்வும் கூறாது. நலமடைந்து மறந்தனரோ, பார்வையிழந்து எழுத இயலாது போயினரோ, இறந்தனரோ, யாரறிவார்? பதிவேட்டிற் காணப்படும் அவ்வெற்றிடமும் வரலாற்றின் ஒரு பகுதியே.

சத்திரசிகிச்சை முடிந்து வீடு செல்லும் நோயாளிக்குக் கட்டி அகற்றப்பட்டுவிட்டது என்ற நற்செய்தி கூறப்படுகின்றது. அது உண்மையே. ஆயினும் அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் வந்து காட்டிச் செல்லுமாறு கூறும் இரண்டாவது வாக்கியமே அவரது பார்வையைக் காக்கக்கூடும். அவ்வாக்கியம் கூறப்படுவதற்கும், கூறியபின் அவர் வந்தாரா எனத் தேடி அறிவதற்கும் ஒரு பதிவேடும் அதனைப் பொறுமையுடன் எழுதும் ஒரு கையும் தேவை. சத்திரசிகிச்சைக் கூடங்களின் வரலாற்றை எழுதுவோர் இனி அக்கையினையும் எழுதுதல் வேண்டும்.